வலப்புருவத்தில் தழும்பு

எழுத்தர் வயதைக் கேட்டார். நாற்பத்தொன்று.
அடையாளம்? என்றவர்
நான் வாய் திறக்குமுன் தானே பார்த்து எழுதிக்கொண்டார்:
வலப்புருவத்தில் தழும்பு.
நாணற்பேனா கீறும் சத்தம்
எலி வைக்கோலைக் கொறிப்பதுபோல் இருந்தது.

ஃபாயூம் கால்வாய்கள் சேறாகிக் கிடந்த மாதம்.
நைல் ஏற இன்னும் நாளிருந்தது.
எனக்கு முன்னால் எள் விற்கிற ஹெராயிஸ்.
அவளுக்கு முன்னால்
முதலைக்கோயில் பூசாரியே நின்றிருந்தார்.
அவருக்கும் சீட்டு வேண்டுமாம்.
ரோமாபுரியில் இருப்பவர் யாரையும் நம்புவதில்லை.

சாம்பிராணி ஒரு சிட்டிகை.
கிண்ணத்து ரசம் கொஞ்சம் தரையில்.
பிறகு ஒரு துண்டு ஆட்டு ஈரல், உப்புக் கூடியது.
சொல்லத்தான் கூசுகிறது:
காலையிலிருந்து வெறும் வயிறு,
எனக்குப் பசித்தது.

யாரும் அடிக்கவில்லை.
யாரும் வாளை உருவவில்லை.
நிழலில் உட்கார்ந்த காவலன் ஒருவன்
பேரீச்சங்கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தான்.
ஒரு கொட்டை என் காலருகே வந்து விழுந்தது.
எனக்கு அது போதுமாயிருந்தது.

அவனருகே ஒரு மஞ்சள் நாய்.
எழுந்தால் எழுந்தது, உட்கார்ந்தால் உட்கார்ந்தது.
விசுவாசம் என்று நாய்க்கும் சொல்கிறோம்,
ஜெபத்திலும் சொல்கிறோம்.
அன்றைக்கு அந்தச் சந்தையில்
சொல்லுக்கு உரியது அது ஒன்றுதான்.

"எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன்"
என்று எழுதி வாசித்துக் காட்டினார்.
எப்போதும்.
ஏழு வருடம் அந்தச் சொல்லுக்குள் இறங்கியது,
திரும்பி வரவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்,
விளக்கில்லாத இரவில், கால்வாய்ப் படியில்
என்னைத் தண்ணீரில் முழுக்கியவர் கோப்ரெஸ், கயிறு திரிப்பவர்.
குப்பைமேட்டில் கண்டெடுத்த பிள்ளைக்கு
எங்கள் பக்கம் வைக்கிற பெயர் அது.
கரையேறும்போது பாசியில் வழுக்கினேன்.
கல்விளிம்பு புருவத்தைப் பிளந்தது.
ஈரத்துணியை அழுத்திப் பிடித்தபடி சிரித்தார்:
"தண்ணீர்தானே கேட்டோம்,
ரத்தமும் சேர்த்துக் கொடுக்கிறாயே."

அந்தத் தழும்பைத்தான்
எழுத்தர் எழுதிக்கொண்டார்.

நான்கு திராக்மா கொடுத்து
தயேசிஸுக்கும் ஒரு சீட்டு வாங்கினேன்.
பெண்டாட்டிக்காகக் கணவன் சொன்னால் போதும் என்றார்கள்.
வீட்டில் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எழுத்தறியாதவள்.
"என்ன எழுதியிருக்கு?"
"உன் பெயர்."
"வேற?"
நான் கால் கழுவப் போனேன்.

அடுத்த வருடம் எல்லாம் ஓய்ந்தது.
சபை கூடிய முதல் ஞாயிறு
கதவருகே ஒருவர் பட்டியல் வாசித்தார்.
என் பெயருக்கு நான் தலையைக் குனிந்தேன்.
அடுத்து அவள் பெயர்.
அவள் சுற்றிலும் பார்த்தாள்,
அதே பெயரில் வேறொருத்தியைத் தேடுவதுபோல.
பிறகு என்னைப் பார்த்தாள்.

உள்ளே அப்பம் பிட்கிற நேரம்.
கற்சுரங்கத்திலிருந்து திரும்பிய கோப்ரெஸ்
இழுத்து இழுத்து நடந்து வெளியே வந்து
எங்கள் பக்கம் வாசற்படியில் அமர்ந்தார்.
ஒரு கண் இல்லை.
மற்றதால் என் புருவத்தைக் கவனித்தார்.
"நல்லா ஆறிடுச்சே" என்றார்.
அவர் குத்திக்காட்டியிருக்கலாம்.
நான் அதற்குத் தயாராக வந்திருந்தேன்.
இதற்கு இல்லை.

அன்று இரவு
எண்ணெய்ச்சாடிக்கு அடியிலிருந்து சீட்டை உருவினாள்.
"இதில் எது என் பெயர்?"
தொட்டுக் காட்டினேன்.
ஆளிச்சணல் அறுக்கும் கத்தியால்
பெயரை மட்டும் அறுத்தெடுத்து
இடுப்பில் முடிந்துகொண்டாள்.
மீதியை என்னிடம் நீட்டினாள்.
"இது உன்னது."

இன்னும் வைத்திருக்கிறேன்.
எண்ணெய்க் கறையேறிய தாள், நடுவில் ஓட்டை.
சில இரவுகளில் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன்.
ஓட்டை வழியே
எங்கள் வீட்டுச் சுவர் தெரிகிறது.